பல்கலைக்கழக லாக்ரோஸ்: தேசியத் தொடரைப் பின்தொடரும் உறுப்பினர்களுக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க ஆடவர் பல்கலைக்கழக லாக்ரோஸில் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்தும் எறிந்தும் கோல் போடும் ஆட்டம்) எந்த அணி தேசியத் தொடருக்குச் செல்லும் என்று பலரும் கேட்பதால் இதை எழுதுகிறோம். ஐவி லீக், பிக் டென், பேட்ரியாட் போன்ற லீக்குகளின் சாம்பியன்கள் நேரடியாகத் தகுதி பெறுகின்றன. எஞ்சிய இடங்களை, ஓர் அணி எத்தனை ஆட்டங்களில் வென்றது என்பதோடு எத்தகைய அணிகளை வென்றது என்பதையும் எடைபோட்டு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தேர்வுக்குழு நிரப்புகிறது. ஆகவே பலவீனமான அணிகளை மட்டும் வரிசையாக வீழ்த்திய அணி வெளியே நிற்பது அநீதியன்று என்பதே எங்கள் கருத்து.

பழைய ஆட்டங்களைப் பார்க்க விரும்புவோர் கார்னெல், மேரிலாந்து பல்கலைக்கழக அணிகள் இறுதியாட்டங்களில் மோதியவற்றிலிருந்து தொடங்கலாம். 1971இல் நடந்த முதல் இறுதியாட்டத்தில் கார்னெல் 12-6 என வென்றது; 2022இல் மேரிலாந்து 9-7 என வென்று, தோல்வியே காணாமல் பருவத்தை நிறைவு செய்தது; 2025இல் கார்னெல் 13-10 என வென்று, 1977க்குப் பிறகு மீண்டும் பட்டம் பெற்றது. குறிப்பாக 2022 ஆட்டத்தைத் தவறவிட வேண்டாம்.

மே இறுதியில் நடைபெறும் இறுதியாட்டத்தின் முடிவை, பதிவாகப் பார்ப்போரை முன்னிட்டு, மறுநாள் மாலை வரை குழுவில் பகிராதிருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

- நிர்வாகிகள்