என் தன்னம்பிக்கையை விடுங்கள், லிஃப்ட்டைப் பற்றி எழுதுங்கள்

தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தொலைக்காட்சிகளிலும் தலைப்பு வைக்கிற ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எங்களைப் பற்றி நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 'மாற்றுத்திறனாளி' என்று மறக்காமல் போடுகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதற்கு அடுத்து வருகிற வாக்கியம் மட்டும் இத்தனை வருடமாக மாறவே மாட்டேன் என்கிறது.

போன வாரம் ஒரு நாளிதழில் என் படம் வந்தது. ஒரு வேலையாக அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். நான் பார்க்க வேண்டிய பிரிவு முதல் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை, 'பழுது' என்று ஒட்டியிருந்த தாளே பழுப்பேறிப் போயிருந்தது. இரண்டு ஊழியர்கள் வந்து, "இவங்களைத் தூக்கிடலாமா?" என்று என் அண்ணனைக் கேட்டார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்! அவன் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அது கழற்றி மாட்டுகிற கைப்பிடி, இழுத்தால் கையோடு வந்துவிடும், கீழே இருக்கிற கம்பியைப் பிடியுங்கள் என்று நான் கத்துகிறேன், பாதிப் படி ஏறும் வரை யார் காதிலும் விழவில்லை. அப்போது எடுத்த படம் அது. பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். கீழே அச்சாகியிருந்தது: "உடல் முடங்கினாலும் உள்ளம் முடங்கவில்லை! புன்னகையோடு மாடியேறிய தன்னம்பிக்கைப் பெண்."

நிருபரிடம் நான் பேசியது முழுக்க லிஃப்ட்டைப் பற்றி. செய்தியில் அந்த லிஃப்ட் ஒரு வரியில்கூட இல்லை. என் 'விடாமுயற்சி' இருந்தது, அண்ணனின் பாசம் இருந்தது, தூக்கிய ஊழியர்களின் மனிதநேயத்துக்குத் தனிப் பத்தியே இருந்தது. பூட்டிக் கிடந்த லிஃப்ட்டுக்குப் பொறுப்பானவர்கள் அந்தச் செய்தியைப் படித்து மனம் நெகிழ்ந்திருப்பார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். நாங்கள் என்ன சொன்னோமோ அதை எழுதுங்கள்.

உங்களுக்குத் தெரியாத சட்டமா? பழைய பொதுக் கட்டடங்களையும் நாங்கள் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டு கெடு, விதிகள் வந்தது 2017இல், கெடு முடிந்தது 2022இல். அந்த அலுவலகத்தில் கேட்க இந்த ஒரு கேள்வி போதாதா? அதை விட்டுவிட்டு, "உங்களுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது?" என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது?

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திரையில் எங்களைக் காட்டுவது பற்றிய வழக்கில், 'பாதிக்கப்பட்டவர்', 'அவதிப்படுபவர்' போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொன்னது. அவை எல்லாவற்றையும் அந்த ஒருவரின் உடற்குறையாக ஆக்கிவிட்டு, சமூகம் வைத்திருக்கும் தடைகளைக் கண்ணில் படாமல் செய்துவிடுகின்றன என்பதுதான் காரணம். அது சினிமாக்காரர்களுக்கு, எங்களுக்கில்லை என்பீர்களோ என்னவோ. புகழ்கிற சொற்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன, கொஞ்சம் இனிப்பு தடவி.

இன்னொன்று. மனுக்கள் தேங்கினால் 'செவிடன் காதில் ஊதிய சங்கு', கட்சிக்காரர் மழுப்பினால் 'நொண்டிச் சாக்கு'. காது கேளாதவர் யாரும் மனுவை வாங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டியதாக எனக்குத் தெரியவில்லை. அதைச் செய்கிறவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அவர்களைத் திட்ட எங்களை ஏன் இழுக்கிறீர்கள்? எதுகை மோனை இல்லாமல் உங்களால் ஒரு தலைப்புகூட வைக்க முடியாதா?

சரி, கோபம் போதும். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். எங்களைப் பற்றிய செய்தி என்றால் எங்களிடம் பேசுங்கள், கூட வந்தவரிடம் அல்ல. உடம்பைப் பற்றி எழுத வேண்டிய தேவை இருந்தால் எப்படிக் குறிப்பிடலாம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், எல்லோருக்கும் ஒரே பதில் இருக்காது. நாங்கள் சொன்னதை எழுதுங்கள், படத்துக்குக் கீழேயும் அதையே போடுங்கள்.

அந்த லிஃப்ட் இன்றுவரை ஓடவில்லை. நிருபரை மறுபடியும் அனுப்ப முடியுமானால் மகிழ்ச்சி. இந்த முறை அவர் பேட்டி எடுக்க வேண்டியது அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரியை.

இப்படிக்கு,
நீங்கள் படம் போட்ட வாசகி