எண்ணெய் விளம்பரமும் என் கடை அலமாரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் கால் பக்கத்துக்கு ஒரு எண்ணெய் விளம்பரம் பார்த்தேன். '90 நாளில் வழுக்கையில் முடி' என்று கொட்டை எழுத்து. கீழே இரண்டு தலை, ஒன்று சொட்டை, இன்னொன்று கருகருவென்று. திண்டுக்கல்லில் 26 வருடமாக சலூன் நடத்துகிறவன் நான். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டும் ஒரே ஆளின் தலை இல்லை. முகத்தை மறைத்தவர்கள் காதை மறைக்க மறந்துவிட்டார்கள்.

உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏஜென்ட் என் கடையில் 40 பாட்டில் இறக்கிவிட்டுப் போனார். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெட்டிவேர் எல்லாம் போட்டது, வாசனை நன்றாகத்தான் இருந்தது. பாட்டில் 480 ரூபாய், அதில் எனக்கு 150. மில் வேலைக்குப் போகிற 22 வயதுப் பையன் ஒருவன் வரிசையாக நாலு பாட்டில் வாங்கினான். ஏழாவது மாதம் வந்து உட்கார்ந்தவன், "அண்ணே, மெஷின் போட்டு ஒட்ட வெட்டிருங்க" என்றான். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

எனக்குத் தெரியாமல் இல்லை. போர்த்திய துணியில் விழும் முடியே சொல்லிவிடும். பிடரி முடி கட்டையாக, தடிப்பாக விழும். உச்சி முடியும் நெற்றி ஓர முடியும் பூனைமுடி மாதிரி மெலிந்து விழும். அப்படியென்றால் பரம்பரைச் சொட்டை தொடங்கிவிட்டது. உடம்பில் ஊறும் ஒரு ஹார்மோன் உச்சியிலும் நெற்றி ஓரத்திலும் உள்ள வேர்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது, பிடரியை விட்டுவிடுகிறது என்று பி.ஃபார்ம் படிக்கும் என் மகள் சொன்னாள். அதுவரை உப்புத் தண்ணீர், ஹெல்மெட் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள்தான் அந்தப் பையனை அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் அனுப்பச் சொன்னாள். ஓ.பி. சீட்டு போட்டு அரை நாள் காத்திருந்தான். 5 சதவீத மினாக்ஸிடில் திரவம், தினமும் இரண்டு வேளை தலையில் தடவ. ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று. மாத்திரையால் சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம், மனம் சோர்ந்து போகலாம், அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே வா என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினாராம். மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கினால் இதை யார் சொல்வார்கள்?

மூன்றாவது வாரம் போன் வந்தது. "அண்ணே, முன்னைவிட அதிகமாகக் கொட்டுது!" எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. புது முடி வருமுன் பழையது உதிர்வது அந்தத் திரவத்தின் வழக்கம், நிறுத்த வேண்டாம் என்றாள் மகள். பாதிப் பேர் விட்டுவிடுவது அங்கேதான். இப்போது எட்டு மாதம் ஆகிறது. உச்சி ஓரளவு மூடியிருக்கிறது. நெற்றியின் இரண்டு மூலையும் வரவில்லை, இனி வராது என்றுதான் நினைக்கிறேன். நிறுத்தினால் சில மாதங்களில் வந்ததும் போய்விடுமாம். மருந்து மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது. முழுக்கப் போன பிறகு இந்த மருந்துகளால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மெலியத் தொடங்கும்போதே போக வேண்டும். ஆனால் அந்தத் தொடக்க வருடங்களைத்தான் பையன்கள் எண்ணெயில் கரைக்கிறார்கள்.

இன்னொன்று. டெங்கு, டைபாய்டு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். அது பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைத்துவிடும். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது அந்த முடிதான். ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக விழும் புழுவெட்டு வேறு சங்கதி, அதற்கு வைத்தியமும் வேறு. அப்புறம், மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்று பிள்ளையைப் பழனிக்குக் கூட்டிப் போகிறார்கள். வேண்டுதல் என்றால் தாராளமாகப் போங்கள். தோலுக்கு அடியில் இருக்கும் வேருக்கு என் கத்தி எட்டாது.

முடி நடும் விளம்பரங்களும் உங்கள் பக்கங்களில் வருகின்றன. பிடரியில் இருந்து எடுத்து முன்னால் நடுவது நல்ல சிகிச்சைதான். ஆனால் 22 வயதில் நட்டால், நட்ட முடி நிற்கும், அதன் பின்னால் உள்ள சொந்த முடி தொடர்ந்து கொட்டும். முன்னால் வேலி, பின்னால் பொட்டல். அப்படி இரண்டு தலையை நானே வெட்டுகிறேன். 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவரே அதன் பிறகு இறந்துபோனார். முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஐயா, இரண்டு கோரிக்கை. வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் இருக்கிறது, மகள் புத்தகத்தைத் திறந்தே காட்டினாள். எண்ணெய் விளம்பரம் வாங்குமுன் உங்கள் விளம்பரப் பிரிவு அதை ஒரு தடவை படிக்கட்டும். முடி நடும் நிலையங்களின் விளம்பரம் என்றால், செய்யப்போகும் டாக்டரின் பெயரையும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் போடச் சொல்லுங்கள். நடிகர் படம் போடுகிற இடத்தில் ஒரு வரி கூடவா இருக்காது?

40 பாட்டிலில் ஆறு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஏஜென்ட் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். துருப்பிடித்து இறுகிப்போன கத்தரிக்கோலுக்கு இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன், அதற்கு நன்றாக வேலை செய்கிறது.

இப்படிக்கு,
ஒரு சலூன்காரர், திண்டுக்கல்