ரோமில் இருக்கும் மகளுக்கு, தண்ணீரைப் பற்றி

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உனக்கு இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இரண்டு மாதம் முன்பு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புல்வெளிக்கு நடுவே வரிசையாக நிற்கிற, ஒரு காலத்தில் தண்ணீர்க் கால்வாயைத் தாங்கிய அந்தக் கல் வளைவுகள். "இவ்வளவும் கட்டின ஜனங்க எப்படிப்பா அழிஞ்சு போனாங்க?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. நூலகத்துக்குப் போய் இரண்டு மாதமாகப் படித்தேன். 31 வருடம் குடிநீர்ப் பிரிவில் பைப்போடும் வால்வோடும் இருந்தவன் நான். ரோமின் கதையும் எனக்குத் தண்ணீர் வழியாகத்தான் பிடிபடுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

ரோமுக்கு முதல் கால்வாய் வந்தது கி.மு. 312-இல். அப்பியஸ் கிளாடியஸ் என்பவர் கொண்டுவந்தார். அப்பியா சாலையைப் போட்டவரும் அவர்தான். அன்றைக்கு ரோம் இத்தாலிக்குள் பலமான ஓர் ஊர், அவ்வளவுதான். ஆனால் அதற்கு 26 வருடம் முன்பே, கி.மு. 338-இல், அது ஒரு காரியம் செய்திருந்தது. பக்கத்து லத்தீன் ஊர்களைப் போரில் தோற்கடித்துவிட்டு, அவற்றில் பல ஊர்களுக்குத் தன் குடியுரிமையையே கொடுத்தது. தோற்றவன் பிள்ளை ரோமன் ஆனான், ரோமின் படையில் சேர்ந்தான். கி.மு. 216-இல் கன்னே என்ற இடத்தில் எதிரி நாடான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ஒரே நாளில் ரோமின் பெரும்படையை அழித்தபோதும், லத்தீன் ஊர்கள் ரோமைக் கைவிடவில்லை. ரோமின் எழுச்சிக்கு வாளைவிட இதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். கி.பி. 48-இல் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டுப் பெரியவர்களை ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் சேர்க்கலாமா என்று வாதம் வந்தபோது கிளாடியஸ் பேரரசர் இதையேதான் சொன்னார்: ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் போரில் வல்லவைதான், ஆனால் வென்ற மக்களை அந்நியர் என்று தள்ளிவைத்ததால் கெட்டன என்று.

இதைப் படித்துவிட்டு ரோமை நல்லவர்கள் கூட்டம் என்று எண்ணிவிடாதே. கி.மு. 146-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜையும் கிரேக்கத்தின் கொரிந்தையும் தரைமட்டமாக்கினார்கள். நீ பார்க்கிற வளைவுகளைக் காத்துவந்த கைகளும் அடிமைகளின் கைகள்தான். அதற்கு வருகிறேன்.

கி.பி. 97-இல் ஃபிரான்டினஸ் என்பவரை ரோமின் தண்ணீர் அதிகாரியாகப் போட்டார்கள். பிரிட்டனில் ஆளுநராக இருந்த பெரிய மனிதர். கீழே உள்ளவர்கள் சொல்வதைக் கேட்டு வேலை நடத்துவது தனக்குக் கேவலம் என்று நினைத்து, ஒவ்வொரு கால்வாயையும் தானே அளந்து, கணக்கைப் புத்தகமாக எழுதி வைத்தார். அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது. அதன் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, கண்ணு. என் வேலை நாட்கள் முழுவதும் அதில் இருந்தன.

மெயின் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இடத்தில் நாங்கள் ஃபெரூல் வைப்போமே, அதுபோல அவர்களுக்கும் ஒரு சிறு குழல் இருந்தது. வெண்கலத்தில்தான் இருக்க வேண்டும். ஈயமாக இருந்தால் வாயை விரித்துவிடுவார்கள். 12 விரல் நீளத்துக்குக் குறையக் கூடாது. அளவு பார்த்து முத்திரை குத்த வேண்டும். இத்தனை கட்டு இருந்தும் திருட்டு நடந்தது. வீடு கைமாறினால் புதிய சொந்தக்காரருக்குத் தொட்டியில் புதுத் துளை போடுவார்கள். பழைய துளையை அடைக்காமல் விட்டு, அதில் வரும் தண்ணீரை விற்பார்கள். தெருவுக்கு அடியில் திருட்டுக் குழாய்கள் ஓடின. அவற்றைப் பிடுங்கிய ஈயமே ஏராளமாகச் சேர்ந்ததாம். 1,900 வருடத்துக்கு முந்தைய ஊரில் நானே நடப்பது போல இருந்தது.

அவரிடம் 700 பேர் இருந்தார்கள். 240 பேர் அரசின் அடிமைகள், 460 பேர் பேரரசரின் அடிமைகள். தொட்டி காப்பவர், கால்வாயோடு நடந்து பார்ப்பவர், தெருக்கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதிப்பவர், உட்பூச்சு பூசுபவர் என்று தனித்தனி வேலை. அந்த வளைவுகளுக்கு இரு பக்கமும் 15 அடிக்கு மரம் வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. வேர் உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த 700 பேரில் பெரும்பாலோர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நீ படம் எடுத்த வளைவுகளில் ஓடியது கிளாடியா கால்வாய். அதே கிளாடியஸ் கி.பி. 52-இல் திறந்தது. அது நகருக்குள் நுழையும் இடம் போர்த்தா மஜ்ஜோரே. அங்கே வாசலின் மேல் மூன்று கல்வெட்டுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. முதலாவது கிளாடியஸ் கட்டியது என்கிறது. இரண்டாவது, பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன் கி.பி. 71-இல் வெட்டியது: ஒன்பது வருடமாகச் சிதைந்து நின்றுபோயிருந்த கால்வாயைச் சொந்தச் செலவில் சரிசெய்தேன் என்கிறது. மூன்றாவது அவர் மகன் டைட்டஸ் பேரரசர், கி.பி. 81: மறுபடி பழுது, மறுபடி சரிசெய்தது. பேரரசு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதும் கால்வாய் உடைந்துகொண்டேதான் இருந்தது. உடைந்ததைச் சரிசெய்யப் பணமும் ஆளும் மனதும் இருந்தன. உன் கேள்விக்கு என் பதில் கிட்டத்தட்ட அந்த மூன்று கல்வெட்டுகளுக்குள் இருக்கிறது.

பணம் எப்படிப் போனது என்று பார். கி.பி. 165-லிருந்து பெரிய கொள்ளைநோய். பிறகு கி.பி. 235 முதல் 284 வரை, 50 வருடத்துக்குள் 20-க்கு மேற்பட்ட பேரரசர்கள். பெரும்பாலும் கொலைச் சாவு. படையின் ஆதரவுக்காகப் பலர் பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள். இல்லாத வெள்ளிக்குச் செம்பைக் கலந்தார்கள். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக் காசு ஏறக்குறைய முழு வெள்ளி. கி.பி. 270 வாக்கில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெள்ளி இல்லை. அதே நேரத்தில் பேரரசர் அவுரேலியன் நகரைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பினார். எல்லையிலேயே எதிரி நின்றுவிடுவான் என்ற தைரியத்தில் பழைய சுவருக்கு வெளியே பரவியிருந்த ஊர் அது. அவசரத்தில் கிளாடியாவின் வளைவுகளையே மதிலோடு சேர்த்துக் கட்டினார்கள். தண்ணீருக்காகக் கட்டியது கோட்டை வாசல் ஆனது.

கி.பி. 408-இல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் தலைவன் ஆலரிக் நகரை முற்றுகையிட்டு விலை கேட்டான். 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, அதோடு 3,000 ராத்தல் மிளகு. ஏறத்தாழ ஒரு டன் மிளகு, கண்ணு. மலபார்க் கரை மிளகு. அந்தக் கால வாணிபத்தில் நம் பக்கம் வந்த ரோமானியக் காசுகள் இன்றும் கரூரில் அமராவதி மணலில் அகப்படுகின்றன. விலை கொடுத்தும் தப்பவில்லை, கி.பி. 410-இல் உள்ளே புகுந்து மூன்று நாள் சூறையாடினான்.

எல்லோரும் 410-ஐத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடக் கொடியதாகத் தெரிவது கி.பி. 439. அந்த வருடம் வாண்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தார், ரோமின் கீழ் மீண்டும் எழுந்திருந்த கார்த்தேஜைப் பிடித்தார்கள். ரோமுக்குத் தானியமும் மேற்குப் பேரரசுக்கு வரியும் வந்தது வட ஆப்பிரிக்காவிலிருந்து. பேரரசு மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது; எகிப்தின் தானியம் ஏற்கெனவே கிழக்கின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) திரும்பியிருந்தது. வரி இல்லாமல் படை இல்லை. படை இல்லாமல் மற்ற மாகாணங்களின் வரியும் இல்லை. கி.பி. 476-இல் மேற்கின் கடைசிப் பேரரசனான சிறுவனை, படைத்தலைவன் ஓடோவாக்கர் கொல்லாமல், படிப்பணம் கொடுத்து நேப்பிள்ஸ் பக்கம் அனுப்பிவைத்தான். பள்ளிப் புத்தகத்தில் ரோமின் முடிவு என்று நீ படித்த வருடம் இது.

நான் அப்படி நினைக்கவில்லை. 476-க்குப் பிறகும் ரோமில் தண்ணீர் ஓடியது. இத்தாலியை ஆண்ட கோத்து அரசன் தியோடரிக் கால்வாய்களுக்கு அதிகாரி வைத்திருந்தான். வளைவுகளைப் பிளக்கும் மரங்களை வெட்டச் சொல்லி ஆணை அனுப்பினான். காட்டுமிராண்டி என்று எழுதப்பட்ட இனத்து அரசன், ஃபிரான்டினஸின் வேலையைத் தொடர்ந்தான்.

தண்ணீர் நின்றது கி.பி. 537-இல். கிழக்கிலிருந்து இத்தாலியை மீட்க வந்த தளபதி பெலிசாரியஸ் ரோமுக்குள் இருந்தார். வெளியே கோத்துகளின் முற்றுகை. அவர்கள் கால்வாய்களை வெட்டினார்கள். முந்தின வருடம் நேப்பிள்ஸை ஒரு கால்வாய் வழியாகத்தான் பெலிசாரியஸின் ஆட்கள் பிடித்திருந்தார்கள். அதே வழியில் எதிரி வந்துவிடக் கூடாது என்று அவரும் உள்ளிருந்து அடைத்துக் கட்டினார். மாவு அரைத்த நீராலைகள் நின்றன. டைபர் ஆற்றில் படகுகளுக்கு நடுவே சக்கரம் மாட்டி அரைத்தார்கள். ஓர் இரவு கோத்துகளில் சிலர் விளக்கோடு காய்ந்த கால்வாய்க்குள் ஊர்ந்து வந்தார்களாம். தண்ணீர் போக வேண்டிய வழியில் மனிதன் ஊர்ந்து வந்தான் என்று படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

பத்து லட்சம் பேர் இருந்த நகரம் அந்தப் போர் முடியும்போது சில பத்தாயிரமாகச் சுருங்கியிருந்தது. மேட்டுப் பகுதிகளை விட்டுவிட்டு ஆற்றோரம் இறங்கிவந்தார்கள். ஊரின் நடு மன்றமான ஃபோரம் இருந்த இடத்தில் பிற்பாடு மாடு மேய்ந்தது. மாட்டு வெளி என்றே அதற்குப் பெயர் வந்தது.

ஒரு கால்வாய் மட்டும் நிரந்தரமாக நின்றுபோகவில்லை. கி.மு. 19-இல் வந்த விர்கோ கால்வாய் பெரும்பாலும் பூமிக்குள் ஓடுவது. அதை அவ்வப்போது பழுது பார்த்தார்கள். கி.பி. 1453-இல், கான்ஸ்டான்டிநோபிள் விழுந்த அதே வருடம், போப் ஐந்தாம் நிக்கோலஸ் அதைச் சீர்செய்து முடித்தார். நீ காசு போட்டுக் கும்பிட்டேன் என்றாயே, அந்த த்ரெவி நீரூற்றுக்கு அந்தக் கால்வாயின் தண்ணீர்தான் வருகிறது.

அடுத்த முறை லீவு கிடைத்தால் போர்த்தா மஜ்ஜோரே போ. மூன்று கல்வெட்டையும் படித்துவிட்டு, உச்சியைப் பார். கிளாடியாவும் அதன் மேலே இன்னொரு கால்வாயும் அடுக்காக அறுபட்டுத் தெரியுமாம். நேராக நின்று, நன்றாக ஜூம் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. உள்ளே சுண்ணாம்பு எவ்வளவு கனத்துக்குப் படிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா