நாலாம் நாளும் போ

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று வீடியோவில் பேசும்போது நீ கண் இமையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். கேட்டால் தூசி என்கிறாய். மூன்று மாதமாகவா ஒரே தூசி? எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்ட்டுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் மேசையில்தான் கிடக்கிறதாம், அப்பா சொன்னார். ஒரே வாரத்தில் மூன்று தடவை போக வேண்டும், முதுகில் தண்ணீர் படக் கூடாது என்று தயங்குகிறாயாம். அப்படித் தயங்கியே நான்கு வருடத்தைத் தொலைத்தவள் நான்.

என் கை உனக்கு ஞாபகம் இருக்கும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, இரவில் சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். சோப்புதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, சோப்பை மாற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு சோப்பே படாமலிருக்க ரப்பர் கையுறை வாங்கினேன். கை இன்னும் மோசமானது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையுறையை இன்னும் அதிக நேரம் போட்டுக்கொண்டேன்!

கடைசியில் டெஸ்ட்டுக்குப் போனேன். ஊசியெல்லாம் கிடையாது. 8 மில்லிமீட்டர் அகலத்தில் சின்னச் சின்ன அலுமினிய வட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைப் பெரும்பாலும் வாசலினில் குழைத்து வைத்திருப்பார்கள்: நிக்கல், குரோமிய உப்பு, வாசனைக் கலவை, தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி, ரப்பர் ரசாயனங்கள். வரிசையாக முதுகில் ஒட்டி, பேனாவால் குறி போட்டு அனுப்பினார்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். இரண்டாம் இரவு நான் கதவு நிலையில் முதுகைத் தேய்க்கப் போனதை அப்பாவிடம் கேள், நடித்தே காட்டுவார்.

பட்டையை எடுத்தபோது நிக்கல் இடத்தில் மட்டும் சிவப்பு. "நாலாம் நாளும் வாங்க" என்றார் டாக்டர். அதுதான் பார்த்தாயிற்றே, எதற்கு இன்னொரு தடவை என்று அலுத்துக்கொண்டேதான் போனேன். அவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, விரல் நுனியால் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. இரண்டு நாள் முன்பு ஒன்றுமே இல்லாத இடம், இப்போது தடித்து, ஊசிமுனை அளவில் கொப்புளங்கள். தியூரம் என்றார். ரப்பர் கையுறைத் தயாரிப்பில் சேர்ப்பதாம்.

நிக்கல்? அதுவும் உண்மைதான், ஆனால் என் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வருடங்களுக்கு முன் ஒரு மலிவுத் தோடு காதைப் புண்ணாக்கியதே, அந்தக் கணக்கு அது. சிவந்ததெல்லாம் குற்றவாளி இல்லை. எது நம் தொந்தரவோடு பொருந்துகிறது என்பதை டாக்டர்தான் கேட்டுக் கேட்டுப் பிரிப்பார்.

இந்த வகை அலர்ஜி மெதுவாக வருவது. இன்று தொட்டது நாளையோ மறுநாளோதான் அரிக்கும். அதனால்தான் நம் ஊகம் தப்பிப் போகிறது. வருடக்கணக்காக ஒத்துக்கொண்ட பொருளே ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். 'இயற்கையானது' என்று அட்டையில் போட்டிருந்தாலும் நம்பாதே, செடிகொடிச் சாறும் அலர்ஜி தரும்.

உன் இமைக்கு நகப்பூச்சுகூடக் காரணமாக இருக்கலாம். நகத்துக்கு ஒன்றும் ஆகாது, அதே விரல் கண்ணைத் தொடும்போது மெல்லிய இமைத் தோல் மாட்டிக்கொள்ளும். சரி, நான் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டாம். ஷாம்பு, கண் மை, கண் சொட்டு மருந்து, எல்லாவற்றையும் புட்டியோடு எடுத்துப் போய்க் காட்டு. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசாதே, வெயிலும் படவிடாதே. ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிடு, அது முடிவையே மறைத்துவிடும்.

திங்கள் ஒட்டினால் புதன் எடுப்பார்கள், வெள்ளி மறுபடி பார்ப்பார்கள். புதனோடு நின்றுவிடாதே. வெள்ளி மாலை நான் கூப்பிடுகிறேன். அதற்குள் யாரையாவது முதுகைப் படம் எடுக்கச் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
அம்மா