பழைய கணினிகளை ஏலத்தில் விடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 இற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் வகையாயின் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும் என்பதால், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் பெருந்தொகையான கணினிகள் பழசாகிப் போனவை என்ற கணக்கில் சேர்ந்துவிட்டன. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் உள்ள இத்தகைய கணினிகள் பாவனைக்குதவாதவை எனப் பதியப்பட்டு, களஞ்சிய அறையில் தூசி படிந்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்கு ஏலம் போவதற்கு முன்னர், பாடசாலைக்கு ஒன்றையாவது லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தில் இயங்கி, இணையமின்றியே வளவுக்குள் உள்ள கருவிகளுக்குக் கோப்புகளை வழங்கும் உள்ளகச் சேவையகமாக (சேர்வராக) மாற்றுமாறு வலயக் கல்விப் பணிமனைகளைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகின்றேன்.

நான் கணினித் துறையில் தொழில் செய்பவன் அல்லன். ஓய்வு நேரத்தில் இதில் ஈடுபடுபவன். கல்லடியில் உள்ள எமது வீட்டில், திரை உடைந்ததால் மலிவாகக் கிடைத்த மடிக்கணினி ஒன்று, நான்காம் தலைமுறை இன்டெல் செயலியுடனும் 8 ஜிகாபைட் நினைவகத்துடனும், டெபியன் லினக்ஸில் இரவு பகலாக இயங்குகின்றது. குடும்பத்தவரின் கைபேசிப் படங்கள் இம்மிச் என்ற மென்பொருள் வழியாக அதில் சேர்கின்றன. பாடல்களையும் காணொளிகளையும் ஜெலிஃபின் என்ற மென்பொருள் வீடெங்கும் வழங்குகின்றது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதலாம் திகதியிலிருந்து வரையறையற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தி, எல்லாவற்றையும் 15 ஜிகாபைட்டுக்குள் அடக்கச் சொன்னதுதான் என்னை இந்தப் பக்கம் திருப்பியது. இந்த மென்பொருள்கள் எவற்றுக்கும் நான் கட்டணம் செலுத்தவில்லை.

மின்கட்டணத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கின்றார்கள். மூடி வைத்த இவ்வகை மடிக்கணினி சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 15 வாற்று இழுக்கும் என்று கொண்டால், மாதத்துக்கு 11 அலகு அளவில் வரும். மேசைக் கணினியாயின் இது மூன்று, நான்கு மடங்காகலாம் என்பதால், மாதப் பாவனை 60 அலகைத் தாண்டும்போது கட்டண வகையே மாறும் வீடுகள் மடிக்கணினியையே தெரிவுசெய்வது புத்தி. மடிக்கணினியின் மின்கலமே யூ.பி.எஸ். ஆகவும் பயன்படுகின்றது. ஆனால் மின்கலம் உப்பியிருந்தால் அதை உடனே அகற்றிவிட வேண்டும். அது தீப்பற்றக் கூடியது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழும் எம்மவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்று பட்டு நினைவகச் சில்லின் (ரேம்) தொடுமுனைகள் மங்கிப்போவதால், திடீரென்று கணினி எழும்பாது. பலர் தாய்ப்பலகை பழுதென்று முடிவுகட்டி ஒதுக்கிவிடும் இத்தகைய கணினிகளுள் சில, சில்லைக் கழற்றி அதன் முனையைப் பள்ளிப் பிள்ளையின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டுப் பொருத்தியதும் மீண்டும் இயங்குவதைக் கண்டிருக்கின்றேன்.

பாடசாலையில் இதனால் ஆவது என்ன என்பதற்கு வருகின்றேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தனது இணையத்தளத்தில் இலவசமாகத் தருகின்றது. தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் என்னும் மென்பொருளால் முழுமையாக இறக்கிவைத்து இணையமின்றியே வாசிக்கலாம். இணையம் எட்டாத இடங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட கொலிப்ரி என்ற கற்றல் தளமும் உள்ளது. இவற்றையும் க.பொ.த. கடந்தகால வினாத்தாள்களையும் ஒரு பழைய கணினியில் ஏற்றி, சாதாரண ரவுட்டர் ஒன்றுடன் இணைத்துவிட்டால், வாகரையிலோ பொத்துவிலிலோ உள்ள மாணவர் ஒருவர் டேட்டாவுக்குப் பணம் கட்டாமல் பாடசாலை வளவுக்குள் நின்றே அவற்றைத் திறக்கலாம். 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது பல இடங்களில் மின்சாரத்தோடு தொலைத்தொடர்பும் செயலிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. மின்சாரம் திரும்பி இணையம் திரும்பாத நாட்களிலும் உள்ளகச் சேவையகம் வேலை செய்யும். வீட்டு வளவில் கிணறு உள்ளவர் குழாய்நீர் நின்றதற்காகத் தவிப்பதில்லை என்பது போன்றதே இது.

லினக்ஸ் என்றதும் இளைஞர்கள் முகம் சுளிப்பதற்குச் சொல்லும் காரணம், அதில் கேம் ஓடாது என்பதாகும். அது பழைய கதை. ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்டில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் இயக்க உதவும் புரோட்டோன் என்னும் மென்பொருளை வெளியிட்ட பின்னரும், 2022 பெப்ரவரியில் லினக்ஸிலேயே இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி சந்தைக்கு வந்த பின்னரும், விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. என் அக்காவின் மகன் ஆர்.எக்ஸ். 570 வரைகலை அட்டை பூட்டிய மேசைக் கணினியில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 விளையாடுவது லினக்ஸில்தான். ஜி.டி.ஏ. 5 போன்ற நூறு ஜிகாபைட் அளவிலான விளையாட்டை வீட்டில் ஒரு கணினி இறக்கிக்கொண்டால் மற்றது அதனிடமிருந்தே பிரதி எடுத்துக்கொள்ளும் வசதியை ஸ்டீம் 2023 முதல் தருகின்றது. இணையப் பொதியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் எமக்கு இதன் அருமை தெரியும்.

இருந்தாலும் முழுவதையும் சொல்லிவிட வேண்டும். வலோரன்ட், ஃபோர்ட்நைட் ஆகியவை அவற்றின் மோசடித் தடுப்பு மென்பொருள் காரணமாக லினக்ஸில் ஓடா. ஜி.டி.ஏ. 5 இன் தனியாள் கதை ஓடும். 2024 செப்டெம்பரில் பட்டில்ஐ என்ற மோசடித் தடுப்பு மென்பொருள் புகுத்தப்பட்ட பின் அதன் இணையவழிப் பகுதி ஓடாது. நான்காம் தலைமுறை இன்டெலின் உள்ளமைந்த வரைகலையில், புரோட்டோனுக்கு வேண்டிய வல்கன் என்னும் வரைகலை முறைக்கான ஆதரவு முழுமையற்றது என்பதால், சேவையகமாக ஓடும் அதே பழைய பெட்டியில் புதிய விளையாட்டுகளை எதிர்பார்க்க வேண்டாம். வலோரன்ட் மட்டுமே வேண்டும் என்பவரை லினக்ஸுக்கு மாற்றச் சொல்வது வீண்வேலை.

பாதுகாப்பைப் பற்றி அதிபர்கள் அஞ்சுவது நியாயமே. வீட்டுச் சேவையகத்தை ரவுட்டரில் வாசல் (போர்ட்) திறந்து நேரடியாக இணையத்துக்குக் காட்டுவோர் உண்டு. திறந்து சிறிது நேரத்திலேயே முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் முயற்சிகள் பதிவேட்டில் வரிசையாக விழத் தொடங்கும். வெளியிலிருந்து அணுகவேண்டுமாயின் வயர்கார்ட் போன்ற மறைகுறியிட்ட வழியே தகுந்தது. பாடசாலைச் சேவையகத்துக்கோ அதுகூடத் தேவையில்லை. வளவுக்குள் மட்டும் அது தெரிந்தால் போதும். காப்புப் பிரதி மட்டும் வேறொரு வன்தட்டில், வேறொரு கட்டடத்தில் இருக்கவேண்டும். 2023 இல் அரசாங்க மேகக்கணியின் மின்னஞ்சல் முறைமை, தரவுகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே மாத நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதி வரையான தரவுகள் மீளப் பெற முடியாமல் போயின. அந்தக் காலப்பகுதிக்குத் தனியான காப்புப் பிரதி இருக்கவில்லை.

யார் இதைப் பராமரிப்பது என்ற கேள்வி எஞ்சுகின்றது. 2004 ஆழிப்பேரலையை அடுத்து, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய சஹானா என்ற திறந்தமூல மென்பொருளை எழுதியவர்கள் இந்த நாட்டின் தன்னார்வலர்களே. பின்னர் அது வெளிநாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கையில், பாடசாலை ஒன்றுக்குச் சேவையகம் அமைத்து ஒரு வருடம் பராமரிப்பதைக் கணினி மாணவர்களின் செயற்றிட்டமாக ஏற்பது பெரிய காரியமல்ல.

வலயப் பணிமனைகள் அடுத்த பொருட் கணக்கெடுப்புக்கு முன்னர் செய்யவேண்டியவை இரண்டே. நான்காம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் 8 ஜிகாபைட்டுக்குக் குறையாத நினைவகமும் உள்ள கணினிகளை ஏலப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். எஞ்சியவை ஏலம் போவதாயின், மாணவர் விபரங்களும் ஆசிரியர் கோவைகளும் பதிந்திருக்கும் வன்தட்டுகளை முழுமையாக அழித்தோ கழற்றியோ எடுத்த பின்னரே கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.