கதவுநிலையில் ஒரு பென்சில் கோடு

அன்புத் தங்கைக்கு,

பாப்பாவின் ஒரு பக்க மார்பில் புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்படுகிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறாள் என்று எழுதியிருந்தாய். எட்டரை வயதில் இப்படியா என்று நீ பதறுவது புரிகிறது. பெரும்பாலும் அது மார்பு மொட்டுதான், பருவம் தொடங்குவதன் முதல் அடையாளம். முதலில் ஒரு பக்கம் மட்டும் வருவதும் வழக்கமே. அமுக்கிப் பார்க்காதே, எண்ணெய் தடவி நீவாதே.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன் இது தொடங்கினால்தான் மருத்துவர்கள் அதை 'முன்கூட்டிய பருவமடைதல்' என்பார்கள். (பையன்களுக்கு அந்த எல்லை 9, அவர்களுக்கு உள்ளே வேறு நோய் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் தள்ளிப்போடவே கூடாது.) மொட்டு வந்தபின் முதல் மாதவிடாய்க்குப் பொதுவாக 2 முதல் இரண்டரை ஆண்டு இருக்கிறது. பாப்பா எல்லையை ஒட்டி இருப்பதால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடு.

அதற்குமுன் உயரத்தை அளந்து வை. செருப்பில்லாமல் குதிகால், பிட்டம், தோள் மூன்றும் கதவுநிலையில் படும்படி நேரே பார்த்து நிற்கட்டும். தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போடு. எப்போதும் காலையிலேயே அள. சாயங்காலத்துக்குள் ஏறத்தாழ 1 செ.மீ. குறைந்துவிடும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. இந்த வயதின் வழக்கமான வளர்ச்சி. ஆறே மாதத்தில் 4 செ.மீ. தாண்டினால் உடனே சொல். சீக்கிரம் உயர்கிறவள் சீக்கிரமே நின்றும் விடுவாள். மாதவிடாய் தொடங்கியபின் சராசரியாக 5 முதல் 7 செ.மீ. தான் மிச்சம்.

மருத்துவர் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். எலும்பின் வயது தெரிவதற்காக. அது அவள் வயதைவிட 2 ஆண்டுக்குமேல் முந்தியிருந்தால் ரத்தத்தில் ஹார்மோன் பார்ப்பார்கள். தேவையானால் பருவத்தை நிறுத்திவைக்கும் ஊசி உண்டு. மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ. ஊசியை நிறுத்தினால் பருவம் மறுபடி தொடரும்.

பிராய்லர் கோழியைத் திட்டாதே. அது 40 நாளில் பருப்பது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஹார்மோன் ஊசியால் அல்ல. எடையைக் கவனி. உடம்பில் கொழுப்பு கூடினால் பருவம் முந்தும். பாட்டில் ஜூஸையும் பிஸ்கட்டையும் குறைத்து, மாலையில் ஒரு மணி நேரம் ஓடி விளையாட விடு.

உடம்பு முந்தினாலும் மனசு மூன்றாம் வகுப்பிலேயேதான் இருக்கிறது. 'பெரிய மனுஷி ஆகப்போறா' என்று அவள் காதுபட யாரையும் பேச விடாதே. சைக்கிளையும் பாவாடை மடித்து ஆடும் பாண்டியையும் நிறுத்தாதே. நாள் வரும்போது பிளெக்ஸ் பேனர் வேண்டவே வேண்டாம். பச்சை முட்டை கொடுக்கச் சொல்வார்கள், அவித்தே கொடு.

இப்போதே ஒரு ஜிப் பையில் நாப்கின் 2, ஜட்டி 1, பழைய செய்தித்தாள் கொஞ்சம் போட்டுப் பள்ளிப் பையில் வை. ஜட்டியில் நாப்கினை ஒட்டிக் காட்டு, அவளையும் ஒட்டச் சொல். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வகுப்பில் வந்தால் எந்த டீச்சரிடம் போக வேண்டும் என்பதைப் பெயரோடு சொல்லிவை.

அடுத்த கோட்டுக்கான தேதியைக் காலண்டரில் குறித்துவிடு. மூன்று மாதம் கழித்து, அதே கதவுநிலை, அதே காலை நேரம்.

அன்புடன்,
அக்கா