சுருதி சேர்க்கவும் நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடித்து, இசைப் பட்டப்படிப்பில் வீணையோ வயலினோ எடுக்க நினைக்கும் டெல்டா மாவட்டப் பிள்ளைகள் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் நேரம் இது. வர்ணம் என்ற உருப்படியை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) பிசிறில்லாமல் வாசிக்கிறவர்கள்கூடத் தேர்வாளர் முன்னால் அபஸ்வரமாக ஒலிப்பதுண்டு. பல நேரம் கோளாறு விரலில் இல்லை, வாத்தியத்தில்.

வீணையில் தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 உலோக மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன. கத்திரி வெயிலில் கார் டிக்கியில் வைத்துக் கொண்டுபோனால் மெழுகு இளகி மெட்டு சாயும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். முதல் தந்தியான சாரணியைச் சுருதிக்குச் சேர்த்தபின் 12-ஆம் மெட்டில் மேல் ஷட்ஜம் (மேல் ஸ) சுத்தமாகப் பேசுகிறதா என்று பாருங்கள். 7-இல் பஞ்சமம் (ப). இரண்டாவதான பஞ்சமத் தந்தியின் 5-ஆம் மெட்டு, விரல் வைக்காத வெறும் சாரணியோடு இழைய வேண்டும். ஒன்றிரண்டு மெட்டு மட்டும் பிசகினால் மெழுகுக் கோளாறு. மேலே போகப் போக எல்லாமே பிசகினால், தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்ந்திருக்கிறது. ஏழு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றுவதால் வரும் வினை அது. பெரும்பாலான வீணைகளில் குதிரையைப் பிடித்து வைத்திருப்பதே தந்திகளின் இழுப்புதான். ஒன்றைக் கழற்றி, மாற்றிக் கட்டிய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். அதையும் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். புதுத் தந்தி, கமகத்துக்காக இழுக்கும் ஒவ்வொரு முறையும் சுருதி இறங்கும். மெழுகை வீட்டில் சூடுகாட்டிச் சரிசெய்யும் விபரீதம் வேண்டாம். தஞ்சாவூரில் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் சரியான இடத்தில் பதிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வயலினில் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகத் திருகக் குதிரை விரல்பலகைப் பக்கம் சாய்ந்துகொண்டே வரும். நிமிர்த்தாமல் விட்டால் ஒருநாள் படாரென்று விழும்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளே வந்ததும் "ம், வாசி" என்று சொல்லாமல், தம்புராவைப் போட்டுப் பத்து நிமிடம் கொடுங்கள். சுருதி சேர்ப்பதற்கும் மதிப்பெண் வையுங்கள். செல்போன் ட்யூனரில் முள் நடுவில் நின்றால் போதும் என்று வளர்ந்த பிள்ளை யார், காதால் சேர்க்கிற பிள்ளை யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். 24 மெட்டு வீணை ரகுநாத நாயக்கர் காலத்துத் தஞ்சையில் உருப்பெற்றது என்பார்கள்; இந்த மண்ணிலேயே மேளம் சோதிக்கத் தெரியாமல் பட்டம் வாங்குவது நியாயமா?

டவுன் பஸ்ஸில் வீணையைத் தூக்கிவர முடியாத பிள்ளைகளுக்காகத் கல்லூரி இசைத் துறையின் வீணை ஒன்றை முதல்நாளே சரிபார்த்து வைக்கலாம். மெட்டின் உயரமும் இடைவெளியும் வீணைக்கு வீணை மாறும் என்பதால், அவர்களுக்கு இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகவே தரவேண்டும்.

இப்படிக்கு,
வாத்திய இசை ஆசிரியர்கள்,
கும்பகோணம்.